அத்தியாயம் 9: மூன்றும் ஆர்ட்டின்

டீலர் மூன்று சீட்டைத் திருப்புகிறார். ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 3. உங்கள் கையில் இஸ்பேட் 8, டைமன் 8. மூன்று எட்டு சேர்ந்து செட் ஆகிவிட்டது. மேசையில் வேறு வேறு சின்னங்கள் விழுந்திருந்தால் இதைவிட நல்ல சேதி இல்லை. ஆனால் மூன்றும் ஒரே சிவப்பாகக் கிடக்கும்போது வயிற்றில் ஏதோ பிசைகிறது.

இந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர், “இன்னொரு ஆர்ட்டின் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்” என்று இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளுகிறார்கள். வேறு சிலர், “யாரிடமோ ஃப்ளஷ் இருக்கிறது” என்று பயந்து ரிவர் வரை செக் செய்துகொண்டே போகிறார்கள். முதலாமவர் பெரிய பாட்டை இழக்கிறார். இரண்டாமவர் வரவேண்டிய பணத்தை வாங்காமலே எழுந்து போகிறார். இரண்டு பேருமே ‘என் கை இப்போது எவ்வளவு பெரியது’ என்று மட்டும் பார்க்கிறார்கள். ஒரே சின்ன ஃப்ளாப்பில் அதைவிட முக்கியமானது, அடுத்த இரண்டு சீட்டில் அந்தக் கை என்ன ஆகும் என்பது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் எண்ணிக்கை

டெக்சஸ் ஹோல்டெமில் 52 சீட்டிலிருந்து மொத்தம் 22,100 விதமான ஃப்ளாப் விழலாம். அவற்றில் 1,144 மட்டுமே ஒரே சின்னம். அதாவது 100-க்கு 5; சுமார் 19 ஃப்ளாப்புக்கு ஒன்று. அடிக்கடி வராததால் பலர் இதற்கென்று பழகுவதே இல்லை. வரும்போது பாட் பெரிதாகிவிடுவதால், பழகாததற்கான விலையும் பெரிதாகிறது.

மேலே சொன்ன ஃப்ளாப்பில் உங்கள் இரண்டு எட்டையும் கழித்தால் நீங்கள் பார்க்காத சீட்டு 47. அதில் ஆர்ட்டின் 10. எதிராளியின் கையில் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

இரண்டும் ஆர்ட்டின், அதாவது ஃப்ளஷ் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது: 100-க்கு 4.
ஒன்று மட்டும் ஆர்ட்டின், இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ்: 100-க்கு 34.
ஆர்ட்டினே இல்லை: 100-க்கு 62.

உண்மையில் யாரும் எல்லாச் சீட்டையும் ஆடுவதில்லை. ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு கிடைத்தால் பலருக்கு மடக்க மனம் வராது. ஆகவே முதல் எண் கொஞ்சம் கூடும். அப்படியும் நாம் பயப்படும் ஃப்ளஷ் அபூர்வம்தான். நாம் எண்ணிப் பார்க்காத ஒற்றை ஆர்ட்டின்தான் மூன்றில் ஒரு தடவை எதிரே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பெட் முதலில் அந்த ஒற்றை ஆர்ட்டினை நினைத்துப் போடப்பட வேண்டும்.

என்னிடம் ஆர்ட்டின் இருக்கிறதா?

ஒரே சின்ன ஃப்ளாப் விழுந்தவுடன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இங்கே பலர் கவனிக்காத ஓர் உண்மை இருக்கிறது: செட் வைத்திருப்பவரிடம் அந்தச் சின்னம் இருக்கவே முடியாது. ஆர்ட்டின் 8 மேசையில் கிடக்கிறது. உங்கள் கையில் மற்ற சின்னத்து எட்டுகள்தான் இருக்க முடியும். ராஜாவும் 8-ம் வைத்து இரண்டு ஜோடி சேர்த்தவருக்கும் இதே கதி. ஆர்ட்டின் ராஜாவும் ஆர்ட்டின் 8-ம் மேசைக்குப் போய்விட்டன.

ஆக, செட்டும் இரண்டு ஜோடியும் இந்த ஃப்ளாப்பில் நாலாவது ஆர்ட்டினுக்கு எதிராக வெறுங்கையோடு நிற்கின்றன. அது வந்தால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. மாறாக, ஆர்ட்டின் ஏஸோடு ஒரு ஜோடி ஏஸ் வைத்திருப்பவர் தரத்தில் செட்டைவிடக் கீழே இருந்தாலும், நாலாவது ஆர்ட்டின் வரும்போது அவர் கை வளர்கிறது. கைகளை வரிசைப்படுத்தும் பட்டியல் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

ஏன் சிறிய பெட்?

“டிராவுக்குப் பெரிய விலை வை” என்பது பழைய பாடம். பல ஃப்ளாப்களில் அது சரியும்கூட. ஆனால் 2015 வாக்கில் சால்வர் மென்பொருள்கள் சாதாரண ஆட்டக்காரர்களின் கைக்கு வந்த பிறகு, ஒரே சின்ன ஃப்ளாப்பில் அவை திரும்பத் திரும்பக் காட்டியது வேறு: பாட்டில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு; நிறையக் கைகளில் செக்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாட் அளவுக்குப் பெரிய பெட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஆர்ட்டின் இல்லாத 62 பேரில் பெரும்பாலோர் கவிழ்த்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம். ஆர்ட்டின் 5 மாதிரி அற்பமான ஒற்றைச் சீட்டு வைத்திருப்பவரும் கவிழ்ப்பார். மிஞ்சுவது யார்? ஃப்ளஷ் சேர்ந்தவர், ஆர்ட்டின் ஏஸ் அல்லது ராணி வைத்திருப்பவர். அதாவது நீங்கள் ஜெயிக்கக்கூடியவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, உங்களை ஜெயிக்கக்கூடியவர்களோடு பெரிய பாட்டில் உட்காருகிறீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கு எதிராளிக்கு 20 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும். ஒற்றை ஆர்ட்டின் அடுத்த சீட்டில் சேர 20 சதவீதத்தை ஒட்டிய வாய்ப்புதான். டிரா இதனால் அவருக்கு மலிவாகிவிடுவதில்லை. இதே விலைக்கு ராஜா ஜோடி, 9 ஜோடி, 8 ஜோடி எல்லாம் கூடவே கால் செய்யும். அவை உங்களிடம் தோற்றுக்கொண்டிருக்கும் கைகள். சிறிய பெட் அவர்களை மேசையில் வைத்திருக்கிறது.

ஃப்ளாப்பில் சிறியது, டர்னில் ஆர்ட்டின் வராவிட்டால் பெரியது. இந்த வரிசையை மனதில் வையுங்கள். டர்ன் வந்த பிறகு டிராவுக்கு ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. விலையை உயர்த்த வேண்டிய நேரம் அதுதான்.

கை கையாகப் பார்ப்போம்

செட். ஃப்ளஷ் ஏற்கெனவே சேர்ந்த எதிராளிக்கு எதிராகவும் செட் சாகவில்லை. டர்னில் 7 சீட்டு (மிச்சமுள்ள ஒரு 8, மூன்று ராஜா, மூன்று 3) உங்களை ஃபுல் ஹவுஸுக்கோ நான்கு எட்டுக்கோ கொண்டுபோகும். அது தவறினால் டர்ன் சீட்டின் ஜோடியும் சேர்ந்து ரிவரில் 10 சீட்டு. மொத்தத்தில் 100-க்கு 35 தடவை நீங்களே ஜெயிக்கிறீர்கள். ஒற்றை ஆர்ட்டினுக்கு எதிராக என்றால் 100-க்கு 73.

இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் ஆல்-இன் முடிவை நிதானமாக எடுக்கலாம். எதிராளி பாட் அளவுக்கு ஆல்-இன் போட்டால் கால் செய்ய 33 சதவீதம் வேண்டும். அவரிடம் ஃப்ளஷ் இருப்பது உறுதி என்றாலும் உங்களிடம் 35 இருக்கிறது, கால் செய்யலாம். ஆனால் பாட்டைப்போல 10 மடங்குக்கும் மேல் தள்ளினால் ஏறத்தாழ 48 சதவீதம் தேவை. அப்போது அவர் மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் ஃப்ளஷ்தான் காட்டுவார் என்று தோன்றினால், வலித்தாலும் செட்டைக் கவிழ்க்க வேண்டும். ஸ்டாக் சிறியதென்றால் தயக்கம் வேண்டாம், ஆழமென்றால் நிதானம்.

ஃப்ளாப்பில் எதிராளி ரெய்ஸ் செய்தால் கால் போதும், மறு ரெய்ஸ் வேண்டாம். மறு ரெய்ஸுக்குக் கவிழ்ப்பவர்கள் எல்லாம் உங்களிடம் தோற்பவர்கள். நிற்பவர்கள் ஃப்ளஷ்காரர்களும் பெரிய ஒற்றை ஆர்ட்டின்காரர்களும்.

இரண்டு ஜோடி. பார்ப்பதற்குச் செட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பலத்தில் தூரம் அதிகம். ஃப்ளஷுக்கு எதிராக நம்பிக்கை வைக்க நாலே சீட்டுதான், 100-க்கு 17. ஃப்ளாப்பில் சிறிய பெட், ஆர்ட்டின் இல்லாத டர்னில் நடுத்தர பெட், ரிவரில் செக். ஃப்ளாப்பிலேயே பெரிய ரெய்ஸ் வந்து ஸ்டாக்கும் ஆழமாக இருந்தால் விட்டுவிடலாம். இதை விடக் கற்றுக்கொண்டவர் வருடக் கடைசியில் தன் கணக்குப் புத்தகத்தில் வித்தியாசத்தைப் பார்ப்பார்.

ஒரு ஜோடி ஏஸ். மேசையில் ஆர்ட்டின் ஜாக்கி, 7, 4. உங்களிடம் ஆர்ட்டின் ஏஸும் கிளாவர் ஏஸும் இருந்தால் மூன்று தெருவிலும் பெட் போடத் தகுந்த கை. ஃப்ளஷ் சேர்ந்தவருக்கு எதிராகவும் 100-க்கு 30-ஐ ஒட்டி ஜெயிப்பீர்கள். ஒற்றை ஆர்ட்டின் ராஜாவோடு காத்திருப்பவர் தான் விரும்பிய சீட்டு வந்தும் உங்களிடம் தோற்பார். அதே இடத்தில் இஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும் வைத்திருந்தால்? ஃப்ளஷுக்கு எதிராக 100-க்கு 3. ஒற்றை ஆர்ட்டின் வைத்திருக்கும் எவரும் உங்களைத் தாண்டிப் போகலாம். பெயர் ஒன்றுதான், கைகள் இரண்டு. ஆர்ட்டின் இல்லாத ஏஸ் ஜோடிக்கு ஒரு சிறிய பெட், பிறகு செக், ரிவரில் நியாயமான விலைக்கு ஒரு கால். அவ்வளவுதான்.

சின்ன ஃப்ளஷ். ஆர்ட்டின் 6-ம் 5-ம் வைத்து ஃப்ளஷ் அடித்துவிட்டீர்கள். இப்போது ஏறக்குறைய எல்லோரையும் ஜெயிக்கிறீர்கள். வேறொருவரிடமும் ஃப்ளஷ் இருக்க வாய்ப்பு 100-க்கு 3-க்கும் குறைவு. ஆனால் ரிவருக்குள் நாலாவது ஆர்ட்டின் வர 100-க்கு 31 வாய்ப்பு. அப்போது எதிரே ஆர்ட்டின் 9 இருந்தாலும் உங்கள் ஃப்ளஷ் செத்தது. ஆகவே இந்தக் கையை ஒளித்து வைக்காதீர்கள். ஃப்ளாப்பிலேயே பெட் போடுங்கள், எதிராளி பெட் போட்டால் ரெய்ஸ் செய்யுங்கள், டர்னில் விலையை ஏற்றுங்கள். நாலாவது ஆர்ட்டின் விழுந்துவிட்டால் அந்த நொடியிலேயே இது ஒரு சுமாரான கை என்று மனதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏஸ் ஃப்ளஷ். ஆர்ட்டின் ஏஸும் இன்னொரு ஆர்ட்டினும் உங்களிடம். யாராலும் இப்போது ஜெயிக்க முடியாத கை. அதனாலேயே பலர் செக் செய்து வலை விரிக்கிறார்கள். அந்த வலையில் மீன் அதிகம் விழாது. நாலாவது ஆர்ட்டின் வந்ததும் செட், இரண்டு ஜோடி, ராஜா ஜோடி எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மேசைச் சீட்டு ஜோடியானால் செட் உங்களைத் தாண்டிவிடும். உங்களுக்குப் பணம் கொடுக்கக்கூடிய கைகள் எல்லாம் ஃப்ளாப்பில்தான் மிகத் தாராளமாக இருக்கின்றன. அங்கேயே சிறிய பெட்டோடு தொடங்குங்கள். மற்ற கைகளோடு நீங்கள் போடும் அதே அளவு. அதிலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது.

ஒரு கை, தொடக்கம் முதல் கடைசி வரை

1/2 டாலர் நோ-லிமிட் மேசை. எல்லோரிடமும் 200 டாலர். மேசைக் கட்டணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டனில் நீங்கள், அதே இரண்டு எட்டோடு. 8 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள்; பிக் பிளைண்ட் மட்டும் கால். பாட்டில் 17. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, 8, 3. அவர் செக்.

நீங்கள் 6 போடுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்கைவிட ஒரு துளி அதிகம். அவர் கால். பாட் 29.

இந்த இடத்தில் அவர் 22-க்கு ரெய்ஸ் செய்திருந்தால்? நீங்கள் 16 கூடுதலாகப் போட்டால் பாட் 61 ஆகும். தேவை 26 சதவீதம். மோசமான நிலையிலேயே உங்களிடம் 35. கால் செய்து, பொசிஷனில் உட்கார்ந்து, டர்னைப் பாருங்கள்.

டர்ன்: இஸ்பேட் 5. அவர் மறுபடி செக். இப்போது 20 போடுங்கள். கால் செய்ய அவருக்கு 29 சதவீதம் வேண்டும். ஒற்றை ஆர்ட்டின் வைத்திருந்தால் மீதமுள்ள ஆர்ட்டின் 9. அதில் ஆர்ட்டின் 5 வந்தால் அவருக்கு ஃப்ளஷ், உங்களுக்கு ஃபுல் ஹவுஸ். அது அவருடைய சீட்டே அல்ல. உண்மையில் அவருக்கு 44-ல் 8 சீட்டுதான், 18 சதவீதம். ஒவ்வொரு காலிலும் அவர் தேவைக்கு மேல் விலை கொடுக்கிறார். அவர் கால். பாட் 69, உங்களிடம் 166.

ரிவர் மூன்று விதமாக வரலாம்.

கிளாவர் 2 வந்து அவர் செக் செய்தால் 30 போடுங்கள். ராஜா ஜோடியும் இரண்டு ஜோடியும் அந்த விலைக்குப் பார்க்க வரும். ஒருவேளை அவர் செக்-ரெய்ஸில் ஆல்-இன் போட்டால் கவிழ்த்துவிடுங்கள். மூன்று தெருவும் அமைதியாக இருந்துவிட்டு இங்கே எழுந்து நிற்பவர் பெரும்பாலும் ஃப்ளஷோடுதான் நிற்கிறார்.

ஆர்ட்டின் ஜாக்கி வந்தால் பெட் கிடையாது. அவர் செக் என்றால் நீங்களும் செக், சீட்டைக் காட்டுங்கள். அவர் 15 போட்டால் தேவை 15 சதவீதம்தான், கால் செய்யலாம். 50 போட்டால் 30 சதவீதம் வேண்டும். அடிக்கடி பிளஃப் அடிப்பவர் என்று தெரிந்தால் ஒழிய விட்டுவிடுங்கள். இங்கே கவிழ்ப்பது தோல்வி இல்லை. ஃப்ளாப்பிலும் டர்னிலும் சரியான விலை வாங்கினீர்கள். உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

டைமன் ராஜா வந்தால் உங்களிடம் ஃபுல் ஹவுஸ். 65, 70 என்று முழு பாட்டையே போடுங்கள். ஃப்ளஷ் அடித்துவிட்டு அமைதியாக இருந்தவர், மூன்று ராஜா சேர்ந்தவர் இரண்டு பேருமே இதை விடமாட்டார்கள். ஃப்ளாப்பில் அவசரப்படாமல் இருந்ததன் கூலி இந்த ஒரு சீட்டில் கிடைக்கிறது.

மேசையில் ஆட்கள் கூடினால்

மேலே சொன்னதெல்லாம் எதிராளி ஒருவர் என்ற கணக்கு. ஒருவரிடம் ஆர்ட்டின் ஒன்றாவது இருக்க வாய்ப்பு 100-க்கு 38. மூன்று எதிராளிகள் என்றால் அவர்களில் யாராவது ஒருவரிடம் இருக்க வாய்ப்பு 100-க்கு 78. ஃப்ளஷே சேர்ந்திருக்க வாய்ப்பும் எட்டில் ஒன்றை நெருங்குகிறது. அதனால் ஆட்கள் கூடக்கூட இரண்டு ஜோடியையும் ஆர்ட்டின் இல்லாத ஏஸ் ஜோடியையும் இன்னும் இறக்கி மதிப்பிடுங்கள். செட்டுக்கும் ஃப்ளஷுக்கும் பெட் போடத்தான் வேண்டும். பலர் கால் செய்யத் தயாராக இருக்கும் மேசையில் பாதிப் பாட் வரை அளவை ஏற்றலாம். ஆனால் ஒருவர் பெட், இன்னொருவர் ரெய்ஸ் என்று உங்களிடம் வரும்போது செட் கால் செய்யும் கைதான். மேலே ஏற்றும் கை அல்ல.

எதிராளியிடமிருந்து வரும் ரெய்ஸ் எல்லாம் ஃப்ளஷ் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஆர்ட்டின் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: வேறு யாரிடமும் ஏஸ் ஃப்ளஷ் இல்லை என்று அவருக்குத் தெரியும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி செமி-பிளஃப் என்று பெயரிட்ட ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு இல்லை. நீங்கள் கவிழ்த்தால் அவருக்கு லாபம். கவிழ்க்காவிட்டாலும் ஆர்ட்டின் வர வாய்ப்பு இருக்கிறது. உங்கள் செட் அவருக்கு எதிராக 73 சதவீதத்தோடு நிற்பதை மறக்காதீர்கள்.

பயிற்சி

இதைப் படித்து முடித்ததும் ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள். ஆர்ட்டின் ராஜா, 8, 3 மூன்றையும் மேசையில் வையுங்கள். இஸ்பேட் 8-ம் டைமன் 8-ம் உங்கள் முன்னால். மிச்சம் 47 சீட்டைக் கலைத்து, மேலிருந்து இரண்டை எதிரே போடுங்கள். திருப்பிப் பார்த்து மூன்று கட்டங்களில் ஒன்றில் கோடு போடுங்கள்: இரண்டு ஆர்ட்டின், ஓர் ஆர்ட்டின், ஆர்ட்டின் இல்லை. சீட்டைத் திரும்பச் சேர்த்துக் கலைத்து 50 தடவை செய்யுங்கள்.

கணக்குப்படி முதல் கட்டத்தில் 2, இரண்டாவதில் 17, மூன்றாவதில் 31 வர வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் வரும். எண் முக்கியமில்லை, கை அதை உணர வேண்டும். ஐம்பது தடவை திருப்பிய பிறகு, அடுத்த முறை மேசையில் மூன்று ஆர்ட்டின் விழும்போது உங்களுக்கு அந்த இரண்டு கோடு ஞாபகம் வரும், பயம் அடங்கும். பதினேழு கோடு ஞாபகம் வரும், பெட்டைச் செக்காக மாற்ற மனம் வராது. முப்பத்தொரு கோடு ஞாபகம் வரும், அந்த பெட்டைச் சிறியதாகப் போடுவீர்கள்.